உடைஞ்ச பல்பும் ஒரு ஊறுகாய் பாட்டிலும்

வழக்கமா மொக்கை போடுற நான் இன்னிக்கு ஒரு உருப்படியான மேட்டர் சொல்லப் போறேன். பயந்துடாதீங்க மக்களே :-)

போன சனிக்கிழமை தீசிஸ் எழுதாம தப்பிக்க ரூமை சுத்தம் பண்ண ஆரம்பிச்சேன். முன்னாடி குடியிருந்தவர் விட்டுட்டுப் போன மேஜை விளக்கைத் தூக்கினேன். கை நழுவி டமால்! உள்ள இருந்தது சுருள் சுருளா இருக்குமே, அந்த சிஎஃப்எல் பல்பு. இங்க ஜெர்மனியில 2023லயே வழக்கமான சிஎஃப்எல் எல்லாம் புதுசா சந்தைக்கு வர்றது நின்னு போச்சு. ஆனா பழசு இன்னும் பல வீடுகள்ல எரிஞ்சிட்டுதான் இருக்கு.

கூட இருக்கற தம்பி ஓடி வந்து, "அண்ணே நகருங்க, வேக்குவம் போட்டுடலாம்"னு ப்ளக்கை சொருகியே விட்டான்.

"டேய் நிறுத்து! அதுல பாதரசம் இருக்குடா!"

சில மில்லிகிராம்தான். ஆனா பல்பு உடைஞ்சா அது ஆவியாகி காத்துல கலந்துடும். வேக்குவம் போட்டா ரூம் பூரா ஊதி விட்டுடும். அதனால சன்னலை முழுசா திறந்து, கதவைச் சாத்திட்டு, 15 நிமிஷம் வெளிய நின்னோம். குளிர்ல பல்லு தந்தியடிச்சது வேற கதை. அப்புறம் கையுறை மாட்டிக்கிட்டு, அட்டையால சில்லை எல்லாம் அள்ளினேன். பொடியை செல்லோ டேப்ல ஒட்டி எடுத்தேன். கடைசியா ஈர டிஷ்யூவால துடைச்சு, எல்லாத்தையும் காலி ஊறுகாய் பாட்டில்ல போட்டு இறுக்கி மூடினேன்.

சரி, இதை எங்க போடறது? இங்க கலர் கலரா குப்பைத்தொட்டி இருந்தாலும் இதுக்கு எதுவும் கிடையாது. வீட்டுல சேர்ற ஆபத்தான குப்பையை வாங்கிக்க நகராட்சி லாரி ஒண்ணு குறிப்பிட்ட நாள்ல, குறிப்பிட்ட இடத்துக்கு வரும். பெயிண்ட், தின்னர், பூச்சி மருந்து எல்லாம் அதுலதான் கொடுக்கணும். சிங்க்ல ஊத்தக் கூடாது. சின்ன பேட்டரின்னா அதை விக்கிற கடையிலயே வாங்கிப்பாங்க. லித்தியம் பேட்டரியா இருந்தா முனையில டேப் ஒட்டிக் கொடுங்க, இல்லன்னா உரசித் தீப்பிடிக்கும்.

பாட்டிலை லாரியில கொடுத்துட்டு வரும்போது ஊர் ஞாபகம். ஃபியூஸ் போன ட்யூப்லைட்டைக் குப்பைமேட்டுல எறிஞ்சு, அந்த 'டொப்' சத்தத்துக்காகவே கைதட்டுவோம். மறுநாள் காலையில அந்தச் சில்லை வெறுங்கையால அள்ளினவங்க எங்க தெரு துப்புரவு அக்கா. எங்க யாருக்கும் அது அப்போ உறைக்கவே இல்ல.

பி.கு: நம்ம நாட்டுலயும் 2022 விதிகள்படி சிஎஃப்எல், ட்யூப்லைட் எல்லாம் மின்னணுக் கழிவுதான். அப்பாகிட்ட போன்ல சொல்லிட்டேன். பரண் மேல நாலு ட்யூப்லைட் இருக்காம். "உடைக்காம வைங்கப்பா, எங்க வாங்கிக்கறாங்கன்னு கேட்டுச் சொல்றேன்"னு சொல்லியிருக்கேன்.