அரசுப் பள்ளிகளுக்குப் பெற்றோர் நன்கொடை

அரசுப் பள்ளிகளுக்குப் பெற்றோர் நன்கொடை என்பது, வரிப்பணத்தில் இயங்கும் பள்ளிக்கு அங்குப் பயிலும் மாணவர்களின் பெற்றோர் தாமாகத் திரட்டித் தரும் நிதியாகும். அமெரிக்காவில் பெற்றோர் சங்கங்களும் கல்வி அறக்கட்டளைகளும் இதனைத் திரட்டுகின்றன. கட்டணமில்லாப் பொதுக்கல்வியில் பெற்றோரின் வசதி ஏற்றத்தாழ்வை உண்டாக்கலாமா என்பதே இதைப் பற்றிய விவாதத்தின் மையம்.

பின்னணி

அமெரிக்கப் பள்ளிகளின் வருவாயில் உள்ளூர்ச் சொத்து வரிக்குப் பெரும்பங்கு உண்டு. இதனால் சொத்து மதிப்பு மிகுந்த ஊர்களின் பள்ளிகள் கூடுதல் நிதி பெற்றன. கலிபோர்னியாவில் இதை எதிர்த்துத் தொடரப்பட்ட செரானோ எதிர் பிரீஸ்ட் வழக்கில், குழந்தையின் கல்வித்தரம் ஊரின் செல்வத்தைப் பொறுத்து அமையக்கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1971-இல் கருதியது. 1978-இல் வாக்காளர்கள் ஏற்ற 13-ஆம் முன்மொழிவு, சொத்து வரியை மதிப்பீட்டில் 1 விழுக்காட்டுக்குக் கட்டுப்படுத்தியது. வரியை உயர்த்தும் வழி அடைபட்டபின், வசதியுள்ள ஊர்களில் கல்வி அறக்கட்டளைகள் பெருகின.

இரு தரப்பு வாதங்கள்

அரசு நிதி குறையும்போது இசை, ஓவியம், நூலகம் போன்றவையே முதலில் வெட்டப்படுகின்றன. நன்கொடை அவற்றைக் காக்கிறது என்பர் ஆதரவாளர்கள். தம் பிள்ளைகளின் பள்ளிக்கு உதவுவதைத் தடுத்தால், வசதியுள்ளோர் தனியார் பள்ளிகளை நாடுவர் என்றும் அஞ்சுகின்றனர்.

நீதிமன்றம் குறைக்க முயன்ற இடைவெளியை நன்கொடை மீண்டும் திறக்கிறது என்பது எதிர்வாதம். இந்நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு கோரலாம் என்பதால், அரசு இழக்கும் வரி வருவாயின் சுமை பிற குடிமக்கள்மீதும் விழுகிறது. மேலும், தம் பள்ளியின் குறையைத் தாமே தீர்த்துக்கொண்ட பெற்றோருக்கு, எல்லாப் பள்ளிகளுக்கும் கூடுதல் அரசு நிதி கேட்டுப் போராடும் தேவை குறைகிறது.

பகிர்வு முறைகள்

ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில், பள்ளி அறக்கட்டளை திரட்டும் தொகையில் முதல் 10,000 டாலர் போக, மீதியில் மூன்றிலொரு பங்கு பொதுநிதிக்குச் செல்லும் முறை நெடுங்காலம் இருந்தது. இதன்படி 1,00,000 டாலர் திரட்டிய பள்ளி 30,000 டாலரைப் பகிர்ந்து, 70,000 டாலரை வைத்துக்கொள்ளும். இதனால் இடைவெளி குறைந்தது, மறையவில்லை.

கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா-மாலிபு கல்வி மாவட்டம் 2011-இல் வேறு முடிவெடுத்தது. பணியாளர் நியமனத்துக்கான நன்கொடையைப் பள்ளிவாரியாக அன்றி மாவட்டம் முழுமைக்கும் பொதுவாகத் திரட்ட வேண்டும் என்பதே அது. மாலிபு பெற்றோர் பலர் இதை எதிர்த்தனர். தனிக் கல்வி மாவட்டம் வேண்டும் என்ற அவ்வூரின் கோரிக்கையும் வலுத்தது.

பகிர்வு முறை நிலைபெற, தம் பிள்ளை படிக்காத பள்ளிக்கும் கொடுக்கப் பெற்றோர் இசைய வேண்டும். அவர்கள் விலகினால் பொதுநிதியே சுருங்கிவிடும். வரியைப் போல இதை யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்பதே நன்கொடையை நம்பி இயங்கும் பொதுக்கல்வியின் அடிப்படைப் பலவீனம்.