புதுப்பிப்பு எந்தப் படியில் நின்றது?

வீட்டுக் கணினிகளில் விண்டோஸ் இயங்குதளத்தின் புதுப்பிப்பு, அதாவது பேச்சுவழக்கில் ‘அப்டேட்’ எனப்படுவது, மணிக்கணக்கில் நகராமல் நிற்பதும், முடிவில் ஒரு பிழை எண்ணைக் காட்டிவிட்டுப் பழைய நிலைக்கே திரும்புவதும் பரவலாகச் சொல்லப்படும் குறைகளாகும். இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்திப் பார்ப்பதே இக்குறைகளுக்குப் பெரும்பாலோர் கையாளும் மருந்தாக இருக்கிறது. ஆனால் புதுப்பிப்பு ஒரே செயல் அன்று. தேடல், பதிவிறக்கம், நிறுவல், மறுதொடக்கம் என நான்கு படிகளைக் கடந்தே அது முழுமை பெறுகிறது. ஒவ்வொரு படியும் தனக்கே உரிய காரணங்களால் தடைபடக்கூடியது என்பதால், எந்தப் படியில் நின்றது என்று அறியாமல் செய்யப்படும் பழுதுநீக்கம் பலித்தால் அது தற்செயலே.

மாதந்தோறும் வருவது

விண்டோஸ் புதுப்பிப்புகளில் இரு பெரும் வகைகள் உண்டு. பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்துப் பிழைகளைத் திருத்தும் மாதாந்திரப் புதுப்பிப்பு ஒன்று. இயங்குதளத்தின் பதிப்பையே மாற்றும் ஆண்டுப் புதுப்பிப்பு மற்றொன்று. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2003 அக்டோபர் முதல் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையைப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்கான நாளாக வைத்திருக்கிறது. அமெரிக்கப் பசிபிக் கரை நேரப்படி காலை 10 மணிக்கு அவை வெளியாவதால், இந்தியாவிலும் இலங்கையிலும் அது செவ்வாய் இரவு வெகுநேரமாகிவிடுகிறது. இங்குள்ள கணினிகள் பெரும்பாலும் புதன்கிழமையன்றே அவற்றைப் பெறுகின்றன. விண்டோஸ் 10 காலம் முதல் மாதாந்திரப் புதுப்பிப்பு திரள்முறையில் அமைந்தது, அதாவது முந்தைய மாதங்களின் திருத்தங்களும் அதனுள் அடங்கியிருக்கும். ஆகையால் விடுபட்ட மாதங்களின் புதுப்பிப்புகளை ஒவ்வொன்றாகத் தேடி நிறுவ வேண்டிய தேவை பொதுவாக எழுவதில்லை.

இத்தொல்லையே வேண்டாம் என்று புதுப்பிப்பை முற்றிலும் அணைத்துவைப்பது அறிவுடைமை ஆகாது. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கி, பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் வரை முடக்கிய ‘வான்னாகிரை’ பணயத் தீம்பொருள் பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தம், அதற்கு ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன்பு, மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தது.

தேடல்

முதற்படியில் கணினி, தன்னிடம் ஏற்கெனவே நிறுவப்பட்டவை எவை, இனி வேண்டியவை எவை என்று மைக்ரோசாஃப்டின் வழங்கியுடன், அதாவது சர்வருடன், ஒப்பிட்டுக் கணக்கிடுகிறது. ஒரு புதுப்பிப்பு முந்தைய ஒன்றை நீக்கி அதன் இடத்தைப் பிடிக்கலாம். அதனையும் பிறிதொன்று பின்னர் மாற்றலாம். இவ்வாறு நீளும் சங்கிலியை முழுதும் ஆராய்ந்தே எது வேண்டும் என்ற முடிவுக்குக் கணினி வர வேண்டியிருப்பதால், சங்கிலி நீள நீளக் கணக்கும் பெருகுகிறது. 2013ஆம் ஆண்டின் இறுதியில் விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் புதுப்பிப்பைத் தேடும்போது செயலியின் முழு ஆற்றலையும் விழுங்கியபடி நின்றதற்கு, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவிக்கான புதுப்பிப்புகளின் நீண்ட சங்கிலியே காரணமாக இருந்தது. 2015, 2016ஆம் ஆண்டுகளில் விண்டோஸ் 7 கணினிகளுக்கும் அதே நிலை நேர்ந்தது. 2011இல் வெளியான முதல் சர்வீஸ் பேக்குக்குப் பின் சேர்ந்துபோன நூற்றுக்கணக்கான புதுப்பிப்புகளை ஒப்பிட்டு முடிக்க அவற்றுக்குப் பல மணி நேரம் பிடித்தது. பயனர் எந்தத் தவறும் செய்யாத நிலையிலும் தேடல் தாமதமாகலாம் என்பதற்கு இவை சான்றாகும்.

இன்றைய பதிப்புகளில் இச்சிக்கல் பெரிதும் குறைந்துவிட்டது. இப்போது தேடல் தொடங்கிய உடனேயே தோல்வியடையுமானால், முதலில் பார்க்க வேண்டியது கணினியின் நாளும் நேரமும் ஆகும். புதுப்பிப்பு வழங்கியுடனான தொடர்பு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும் மின்னணுச் சான்றிதழ்களைக் கொண்டு உறுதிசெய்யப்படுவதால், கடிகாரம் பல ஆண்டுகள் பின்தங்கிக் காட்டும் கணினி அச்சான்றிதழ்களைச் செல்லாதவை என்று கருதி ஒதுக்கிவிடும். பழைய மேசைக் கணினிகளில் ஒவ்வொரு முறை மின்சாரம் துண்டிக்கப்படும்போதும் நாள் மாறிப்போவதற்கு, மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 என்ற நாணய வடிவ பேட்டரி தீர்ந்துபோனதே வழக்கமான காரணம். அதனை மாற்றிய உடனே, மென்பொருளில் எதையும் தொடாமலே, புதுப்பிப்பு சீராவதுண்டு.

பதிவிறக்கம்

இரண்டாம் படியில் விழுக்காடு சிறிதும் நகராமல் நிற்குமானால் இணைப்பைச் சோதிப்பது முறை. இணைப்பு ‘மீட்டர்டு’ என்று, அதாவது பயன்படுத்தும் டேட்டாவின் அளவுக்குக் கட்டணம் உண்டு என்று, அமைப்புகளில் குறிக்கப்பட்டிருந்தால் விண்டோஸ் பெரிய கோப்புகளைத் தானாகப் பதிவிறக்காமல் நிறுத்திவைக்கும். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் வீடுகளில் டேட்டாவை மிச்சப்படுத்த என்றோ போட்டுவைத்த இக்குறியீடு, பிறகு பிராட்பேண்ட் வந்தபின் அதற்கும் போடப்பட்டு மறக்கப்பட்டிருக்கக் கூடும். விபிஎன் மென்பொருளும் வேற்று நிறுவனத்தின் ஆன்டிவைரஸும் வழங்கியுடனான தொடர்பில் குறுக்கிடலாம் என்பதால் அவற்றைத் தற்காலிகமாக நிறுத்திப் பார்ப்பதும் பயன் தரும்.

பதிவிறங்கிய கோப்புகள் விண்டோஸ் கோப்புறையின் உள்ளே ‘சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்’ என்ற துணைக் கோப்புறையில் தங்குகின்றன. அங்குள்ள கோப்புகளோ அவற்றைப் பற்றிய தரவுத்தளமோ சிதைந்துவிட்டால், கணினி அதே பழுதான நிலையிலிருந்தே திரும்பத் திரும்ப முயன்று தோற்கும். புதுப்பிப்புச் சேவையை முதலில் நிறுத்திவிட்டு அக்கோப்புறையின் பெயரை மாற்றினால், விண்டோஸ் புதிய கோப்புறையை உருவாக்கிக்கொண்டு மீண்டும் முதலிலிருந்து பதிவிறக்கும். பயனரின் சொந்தக் கோப்புகளுக்கு இதனால் தீங்கு இல்லை. புதுப்பிப்பு வரலாற்றுப் பட்டியல் வெறுமையாவதும், அடுத்த தேடல் சற்று நீளுவதுமே விளைவு.

நிறுவல்

மூன்றாம் படியே வேலை மிகுந்தது. புதிய கோப்புகள் விரிக்கப்பட்டு, சரிபார்க்கப்பட்டு, இயங்குதளக் கூறுகளின் பல பதிப்புகளையும் சேமித்துவைக்கும் கூறுக் களஞ்சியத்தில் வைக்கப்படுகின்றன. இதற்கு ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் வேண்டும். சுழலும் தட்டுகளைக் கொண்ட ஹார்ட் டிஸ்க், ஒவ்வொரு கோப்புக்கும் படிமுனையை நகர்த்த வேண்டியிருப்பதால், இவ்வகை வேலையில் எஸ்எஸ்டி சேமிப்பகத்தைக் காட்டிலும் பன்மடங்கு பின்தங்குகிறது. அத்தகைய கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், ‘விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்’ என்ற பெயருக்கு எதிரே செயலியின் பயன்பாடு ஏறியிருப்பதையும், வட்டின் பயன்பாடு 100 விழுக்காட்டைத் தொட்டிருக்க, நொடிக்கு ஓரிரு மெகாபைட்டுகள் மட்டுமே நகர்வதையும் காணலாம். இது பழுதன்று, வேலை நடப்பதன் அறிகுறி. விழுக்காட்டு எண் ஒரே இடத்தில் நின்றாலும் இந்த எண்கள் அசைந்துகொண்டிருக்கும் வரை காத்திருப்பதே தக்கது. ஒவ்வொரு மாதமும் இதே தாமதம் தொடருமானால் அதற்கு நிலையான தீர்வு எஸ்எஸ்டிக்கு மாறுவதேயன்றி வேறு கட்டளைகளில் இல்லை.

நிறுவல் தோல்வியடைவதற்கு இடமின்மை முதன்மையான காரணம். பிழை எண் 80070070 என்று முடியுமானால் அதன் பொருள் வட்டில் போதிய இடம் இல்லை என்பதேயாகும். 2019இல் வந்த விண்டோஸ் 10இன் 1903 பதிப்பு முதல், புதிதாக விண்டோஸ் நிறுவப்பட்ட கணினிகளில் ஏறக்குறைய 7 ஜிபி இடம் புதுப்பிப்புக்கென ஒதுக்கிவைக்கப்படுகிறது. எனினும் 32 ஜிபி சேமிப்பகத்துடன் விற்கப்பட்ட மலிவு மடிக்கணினிகளில் அதுவும் போதுவதில்லை. அமைப்புகளில் உள்ள சேமிப்பகப் பக்கத்தின் வழியே தற்காலிகக் கோப்புகளை நீக்குவது பாதுகாப்பானது. கூறுக் களஞ்சியக் கோப்புறையைத் திறந்து கையால் கோப்புகளை அழிப்பதோ இயங்குதளத்தையே முடக்கிவிடும்.

களஞ்சியமே சிதைந்திருப்பது இரண்டாம் காரணம். 80073712 என்ற எண் அதனைச் சுட்டுகிறது. நிர்வாகி உரிமையுடன் திறக்கப்பட்ட கட்டளைச் சாளரத்தில் இரு கருவிகளை இதற்குப் பயன்படுத்தலாம். ‘டிஸ்ம்’ என்ற கருவியின் ‘ரீஸ்டோர்ஹெல்த்’ தெரிவு களஞ்சியத்தைச் செப்பனிடுகிறது. ‘எஸ்எஃப்சி’ என்ற கருவி அக்களஞ்சியத்தை மூலமாகக் கொண்டு, பயன்பாட்டில் உள்ள இயங்குதளக் கோப்புகளைச் செப்பனிடுகிறது. மூலமே பழுதாக இருக்கையில் அதிலிருந்து எடுத்து வைப்பதும் பழுதாகும் என்பதால் டிஸ்ம் முதலிலும் எஸ்எஃப்சி பின்னரும் இயக்கப்பட வேண்டும்.

மறுதொடக்கம்

இயங்கிக்கொண்டிருக்கும் கோப்புகளை மாற்ற இயலாது என்பதால் இறுதி மாற்றங்கள் கணினி அணைந்து மீண்டும் எழும்போதே நிகழ்கின்றன. கணினியை அணைக்க வேண்டாம் என்று திரை சொல்வது இந்தப் படிக்கே உரியது. மின்வெட்டு வழக்கமாக உள்ள பகுதிகளில் மேசைக் கணினிக்கு யுபிஎஸ்ஸும், மடிக்கணினிக்கு சார்ஜரும் இணைக்கப்பட்டிருப்பது அவசியம். புதிய கோப்புகளுடன் எழ முடியாதபோது விண்டோஸ் மாற்றங்களைத் தானே திரும்பப் பெறுகிறது. இது கணினியைக் காப்பாற்றும் நடவடிக்கை என்பதால் இதனையும் இடையில் நிறுத்தலாகாது.

பதிப்பு மாற்றத்தின்போது சி1900101 என்று தொடங்கும் எண் தோன்றினால் பெரும்பாலும் டிரைவர் மென்பொருளே, அதாவது வன்பொருளை இயங்குதளத்துடன் பேசவைக்கும் நிரலே, காரணமாக இருக்கும். பிரிண்டர், வெளிவட்டு முதலிய யுஎஸ்பி சாதனங்களைக் கழற்றிவிட்டு, வரைகலை அட்டை போன்றவற்றின் டிரைவர்களைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதுப்பித்தபின் மீண்டும் முயல்வது இதற்கு ஏற்ற வழி. நிறுவல் முடிந்தும் கணினி சரிவர எழாவிடில், மீட்புச் சூழல் எனப்படும் தனித் திரையிலிருந்து கடைசிப் புதுப்பிப்பை நீக்க இயலும். பதிப்பு மாற்றத்தைப் பொறுத்தவரை, பழைய பதிப்புக்குத் திரும்பும் வாய்ப்பு இயல்பாக 10 நாள்களுக்கு மட்டுமே உண்டு.

பிழை எண் மறைத்த உண்மை

பிழை எண்கள் உதவக்கூடியவை என்றாலும் அவை எப்போதும் உண்மையைச் சொல்வதில்லை. 2024 ஜனவரி 9 அன்று விண்டோஸ் 10 கணினிகளுக்கு வெளியான கேபி5034441 என்ற புதுப்பிப்பு, உலகெங்கும் எண்ணற்ற வீட்டுக் கணினிகளில் 80070643 என்ற எண்ணுடன் தோல்வியடைந்தது. நிறுவலின்போது கடும் பிழை நேர்ந்தது என்ற பொதுவான பொருளை மட்டுமே தரும் அந்த எண்ணை நம்பி, பயனர்கள் டிஸ்ம், எஸ்எஃப்சி முதலிய கருவிகளைத் திரும்பத் திரும்ப இயக்கியும் பயன் கிட்டவில்லை. உண்மைக் காரணம் களஞ்சியத்திலோ பதிவிறக்கத்திலோ இல்லை. மீட்புச் சூழலைப் புதுப்பிக்க வந்த அக்கோப்புக்கு, வட்டில் அதற்கெனப் பிரிக்கப்பட்டிருந்த மீட்புப் பகுதியில் 250 எம்பி வெற்றிடம் வேண்டியிருந்தது. பல கணினிகளில் அப்பகுதியின் மொத்த அளவே அதனைத் தாங்கும்படி அமைந்திருக்கவில்லை. இடம் போதவில்லை என்று சொல்லியிருக்க வேண்டிய செய்தி, பிழையைக் கையாளும் நிரலின் குறைபாட்டால் வேறு எண்ணாக வெளிப்பட்டதை மைக்ரோசாஃப்டே பின்னர் ஒப்புக்கொண்டது.

அந்நிறுவனம் வெளியிட்ட தீர்வு, சி வட்டைச் சுருக்கி, மீட்புப் பகுதியை அழித்து, பெரிதாக மீண்டும் உருவாக்குவதாகும். கட்டளைச் சாளரத்தில் பகுதி எண்ணைத் தவறாகத் தேர்ந்தால் தரவு முழுவதும் அழிந்துவிடக்கூடிய அவ்வேலை சாதாரணப் பயனருக்குரியது அன்று. மறுபுறம், அப்புதுப்பிப்பு அடைக்க வந்த ஓட்டை, கணினியைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் ‘பிட்லாக்கர்’ என்ற வட்டு மறையாக்கத்தைத் தாண்டிச் செல்ல உதவுவதாகும். பிட்லாக்கரைப் பயன்படுத்தாத வீட்டுக் கணினிக்கு அந்த ஓட்டையால் கூடுதலாக இழப்பதற்கு எதுவும் இல்லை. அக்கணினிகளுக்குப் பொருத்தமான செயல், தோல்வியுற்ற அந்த ஒரு வரியைப் பொருட்படுத்தாமல் மற்றப் புதுப்பிப்புகளைத் தொடர்ந்து ஏற்பதாகவே இருந்தது.

பழுதுநீக்கத்தின் வரிசை

எளியதிலிருந்து கடியதற்குச் செல்வதே பழுதுநீக்கத்தின் பொது நெறி. முழுமையான மறுதொடக்கம், நேரமும் இடமும் இணைப்பும் சரிபார்த்தல், விண்டோஸிலேயே உள்ள பழுதறி கருவியை இயக்குதல் ஆகியவை எவருக்கும் உரியவை. அவை பலிக்காதபோது பதிவிறக்கக் கோப்புறையைப் புதிதாக்குதலும், அதன்பின் டிஸ்ம், எஸ்எஃப்சி கருவிகளும் வருகின்றன. தோல்வியுற்ற புதுப்பிப்பின் ‘கேபி’ எண்ணை அறிந்து, மைக்ரோசாஃப்டின் புதுப்பிப்புப் பட்டியல் தளத்திலிருந்து அதனைத் தனியே இறக்கி நிறுவுவது தேடல், பதிவிறக்கம் ஆகிய முதல் இரு படிகளின் சிக்கல்களைத் தவிர்க்கிறது. எதுவும் உதவாவிடில், கோப்புகளும் நிறுவிய மென்பொருள்களும் அப்படியே இருக்க, இயங்குதளத்தை மட்டும் அதன்மேலேயே மீண்டும் நிறுவும் வழி உள்ளது. விண்டோஸ் 11இன் அண்மைப் பதிப்புகளில் இவ்வசதி அமைப்புகளின் மீட்புப் பக்கத்திலேயே கிடைக்கிறது. முக்கியக் கோப்புகளுக்கு வேறு வட்டில் ஒரு காப்புநகல் இருக்கும்போது மட்டுமே இந்தக் கடைசிக் கட்டத்தைத் தொட வேண்டும்.

பழுதென்று தோன்றினும் பழுதல்லாத நிலையும் ஒன்றுண்டு. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், மைக்ரோசாஃப்டின் ஆதரவு நீட்டிப்புத் திட்டத்தில் சேராத கணினிக்கு மாதாந்திரப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வராது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினிக்கு விண்டோஸ் 11 முறைப்படி வழங்கப்படுவதும் இல்லை. அத்தகைய கணினியில் எந்தக் கட்டளையும் புதுப்பிப்பை வரவழைக்காது. ஆகவே எந்தப் படியில் நின்றது என்ற கேள்விக்கும் முன்னதாக, அந்தக் கணினிக்குப் புதுப்பிப்பு வழங்கப்படுகிறதா என்பதை உறுதிசெய்துகொள்வது வீண் உழைப்பைத் தவிர்க்கும்.