‘இந்த வண்டியை இன்னும் விற்கலையா?’ - ஒரு பழைய ஆம்னியும் கடலூர் உப்புக் காற்றும்!

தமிழ் சினிமாவில் யாரையாவது கடத்த வேண்டும் என்றால் இயக்குநர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு ஆம்னி வேன்தான். சர்ரென்று வந்து நிற்கும். பக்கவாட்டுக் கதவு ஒரே இழுப்பில் திறக்கும். நாலு கைகள் வெளியே நீளும். அடுத்த நொடி வண்டி பறந்துவிடும். பழைய ஆம்னி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சியைப் பார்த்தால் பயம் வராது, சிரிப்புத்தான் வரும். எங்கள் வீட்டு வண்டியில் ஒருவரைக் கடத்த வேண்டும் என்றால், கடத்தப்படுகிறவரே உள்ளிருந்து கதவைக் கொஞ்சம் தள்ளி உதவ வேண்டியிருக்கும்!

எங்களுடையது 2001-ம் வருட வண்டி, டி.என்.31. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அப்பா நடத்திய மளிகைக் கடைக்காக வாங்கியது. வாரம் முழுக்க அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் ஏறும். ஞாயிற்றுக்கிழமை தரையைக் கழுவி, பின் சீட்டை நிமிர்த்தினால் சிதம்பரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு மொத்தக் குடும்பமும் கிளம்பிவிடும். இப்போது கடை இல்லை. வண்டி மட்டும் இருக்கிறது. வருகிற ஆகஸ்ட் மாதத்தோடு அதன் ஆர்.சி. முடிகிறது. புதுப்பிப்பதா, பழைய இரும்புக்குப் போடுவதா என்பதுதான் கடந்த ஆறு மாதமாக எங்கள் வீட்டில் ஓடும் பட்டிமன்றம்.

விஷயம் இதுதான். சொந்த உபயோகத்துக்கான வண்டிக்கு முதல் பதிவு 15 வருடங்களுக்குச் செல்லும். அதன் பிறகு 5 வருடங்களுக்கு ஒரு முறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2021-ல் நாங்கள் புதுப்பித்தபோது அரசுக் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் கார் ரக வண்டிகளுக்கு அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த புதிய விதிப்படி, 20 வருடங்களைத் தாண்டிய வண்டி என்றால் 10,000 ரூபாய். இதற்கு மேல் பசுமை வரி தனி. தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல். டெல்லியில் 15 வருடங்கள் முடிந்த பெட்ரோல் வண்டிக்குத் தடை என்றதுபோல இங்கே வயதை மட்டும் காட்டித் தடை இல்லை. ஆனால், ‘வெச்சுக்கணும்னா விலை கொடு’ என்று அரசு சொல்கிறது.

வேன் வந்த கதை

ஆம்னிக்கு முன்னால் தமிழ்நாட்டில் வேன் என்றால் பஜாஜ் டெம்போவின் மெட்டடார்தான். பெரியவர்களைக் கேட்டால் சென்னையில் தயாரான ‘ஸ்டாண்டர்டு 20’ வேனையும் சொல்வார்கள். இரண்டுமே பெரிய உடம்புக்காரர்கள். வீட்டு வாசலில் நிறுத்துவதற்கான வண்டிகள் அல்ல. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அடுத்த வருடமே, 1984-ல், அதே 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜினோடு ‘மாருதி வேன்’ வந்தது. 1988-ல்தான் அதற்கு ‘ஆம்னி’ என்று பெயர் வைத்தார்கள். மூலம், ஜப்பானின் சுசுகி கேரி. பாகிஸ்தானில் அதே குடும்பத்து வண்டிக்குப் பெயர் ‘போலான்’. மக்கள் அதை ‘கேரி டப்பா’ என்று கூப்பிடுகிறார்கள். டப்பா என்ற சொல்லுக்கு எல்லை கிடையாது போல!

2019-ல் ஆம்னி உற்பத்தி நின்றது. மோதல் பாதுகாப்பு விதிகள் கடுமையானதும் அந்த உடம்பை வைத்துக்கொண்டு தேற முடியாது என்று கம்பெனியே முடிவு செய்துவிட்டது. பிரேசிலில் ஃபோக்ஸ்வேகன் கோம்பி வேனுக்கும் 2013-ல் இதே கதிதான். ஏர்பேக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் கட்டாயம் என்று சட்டம் வந்ததும் அதன் உற்பத்தி முடிந்தது. அந்த முடிவில் தப்பு சொல்ல எதுவும் இல்லை. ஆம்னியில் ஓட்டுநரின் பாதத்துக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவில் ஒரு தகரம்தான் இருக்கிறது. நாங்கள் 60 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. பிள்ளைகளை முன்சீட்டில் உட்கார வைப்பதும் இல்லை.

உப்பு தின்னும் தரை

வெளியூர்க்காரர்கள் பழைய வண்டி என்றால் இன்ஜினைப் பற்றிக் கவலைப்படுவார்கள். கடலூர்க்காரர்களுக்குக் கவலை தகரத்தைப் பற்றித்தான். தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து வரும் காற்றில் உப்பு இருக்கிறது. ராத்திரி பனியில் அந்த உப்பு நனைந்து, கதவின் அடிப்பாகத்திலும் தரையின் மடிப்பிலும் உட்கார்ந்துகொள்ளும். கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேற அடியில் சின்னச் சின்னத் துளைகள் உண்டு. மண் அடைத்தால் தண்ணீர் தேங்கும். அவ்வளவுதான், மேலே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே அப்பளமாகிவிடும்.

பக்கவாட்டுக் கதவின் கதையும் இதேதான். அது ஓடும் தண்டவாளத்தில் மணல் சேரும், ரோலர் தேயும், கதவு தொங்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மாதம் ஒரு முறை மணலைத் தட்டி, கொஞ்சம் கிரீஸ் வைத்தால் வருடக்கணக்கில் ஓடும். கிரீஸை அள்ளி அப்பினால் அதுவே மணலைப் பிடித்துவைக்கும். எங்கள் வீட்டில் இந்தப் பொறுப்பு அம்மாவுடையது. கோலமாவு டப்பாவுக்குப் பக்கத்தில்தான் கிரீஸ் டப்பாவும் இருக்கும்.

கடலூர், பரங்கிப்பேட்டை பக்கம் பழைய ஆம்னி வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வண்டி இதற்கு முன்னால் மீன் ஏற்றியதா என்று பாருங்கள். ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் தரையைத் தின்றுவிடும். விற்பவர் புது மேட் போட்டு மறைத்திருப்பார். மேட்டைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தரையைத் தட்டுங்கள். ‘டங்’ என்றால் தகரம். ‘பொத்’ என்றால் பட்டி. கேஸ் கிட் இருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதும் முக்கியம். வீட்டு சிலிண்டரை வைத்து ஓட்டிய வண்டி என்று தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, எங்கள் தெருவில் விழாத மரத்தைத்தான் எண்ண வேண்டியிருந்தது. ஆம்னியின் கூரையில் பூவரசங் கிளை ஒன்று விழுந்து பள்ளமாக்கியது. டிங்கரிங் பட்டறையில் உள்ளேயிருந்து தட்டி நிமிர்த்தினார்கள். இன்றும் மழை பெய்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர் நிற்கும். 2015 மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றபோது, பக்கத்து வீட்டுப் புதுக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துணியால் துடைத்து, வெயிலில் வைத்து, ஆயிலை மாற்றியதும் கிளம்பிவிட்டது. கம்ப்யூட்டர் இல்லாத வண்டிக்கு உள்ள சௌகரியம் அது.

சீட்டைத் தூக்கினால் இன்ஜின்

ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சித்திரை மாத மதியத்தில் கடலூரிலிருந்து கிளம்பினால், 45 கிலோமீட்டர் தாண்டி சிதம்பரம் சேர்வதற்குள் டிரைவருக்கு ஒத்தடம் கொடுத்து முடித்திருக்கும். அதே அமைப்பால் ஒரு நன்மையும் உண்டு. சீட்டைத் தூக்கினால் கார்பரேட்டர், பிளக், பெல்ட் எல்லாம் கைக்கெட்டும் தூரம். மழையில் ரிப்பேர் வந்தால் நனையாமல் உள்ளே உட்கார்ந்தே வேலை பார்க்கலாம்.

ஒரு முறை புதுச்சத்திரம் தாண்டியதும் கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது. வண்டியில் அம்மாவும், அக்கா பிள்ளைகள் இருவரும். பக்கத்தில் கடை எதுவும் இல்லை. சிதம்பரம் மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டேன். “ஆஃப் பண்ணு தம்பி. ஃபர்ஸ்ட் கியர்ல போட்டுட்டு சாவியைத் திருப்பு. அதுவா நகரும்” என்றார். நகர்ந்தது. ஆக்சிலேட்டரை லேசாக விட்டு, சத்தம் இறங்கும் நேரம் பார்த்து அடுத்த கியர். வெள்ளாற்றுப் பாலத்தை மூன்றாவது கியரிலேயே கடந்தோம். எந்த இடத்திலும் நிற்கக் கூடாது என்பதுதான் கஷ்டம். பட்டறை வாசலில் இன்ஜினை அணைத்து நிறுத்தியதும், அவர் டீ சொல்லிவிட்டுத்தான் கேபிளை எடுத்தார்.

உதிரிபாகம் கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். 35 வருடங்கள் ஓடிய வண்டி என்பதால் பிளக், கேபிள், பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட் எல்லாம் கடலூரிலேயே கிடைக்கிறது. சிக்கல் சின்னச் சாமான்களில்தான். கதவு ரோலர், கண்ணாடி பீடிங், கியர் லிவரின் புஷ்... கியர் லிவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள ராடில் இருக்கும் புஷ் தேய்ந்தால், லிவர் கல்யாண வீட்டுக் கரண்டி மாதிரி எல்லாப் பக்கமும் சுற்றும். ரிவர்ஸ் எங்கே இருக்கிறது என்பது ஒருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியமாகிவிடும். இந்த மாதிரி சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டைக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும். கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம்.

எரிச்சல் தரும் அனுபவங்களுக்கும் குறைவில்லை. ஒரு பட்டறையில் வண்டி சூடாகிறது என்று விட்டோம். ரேடியேட்டரை மாற்றினார்கள், தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள், காசு வாங்கினார்கள். சூடு குறையவில்லை. சிதம்பரம் அண்ணன் காலையில் குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்தார். விடாமல் குமிழி வந்தது. ஹெட் கேஸ்கட்! அதில் கசிந்த வாயுதான் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தது. வண்டி சூடாக இருக்கும்போது மட்டும் அந்த மூடியைத் திறந்துவிடாதீர்கள், முகம் வெந்துவிடும்.

புதுத் தலைவலி பெட்ரோல். 2025 முதல் பங்குகளில் கிடைப்பது 20% எத்தனால் கலந்ததுதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7% குறையலாம் என்று 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே சொல்கிறது. எங்கள் வண்டியில் பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம். மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது என்றால் டேங்கில் பழைய பெட்ரோல் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தகர டேங்கில் ஈரம் சேர்ந்தால் துரு, துரு வந்தால் கார்பரேட்டரில் அடைப்பு.

அப்புறம் எதற்கு?

அக்கா வீட்டு மாமா கணக்குப் பார்க்கிற ஆள். “பத்தாயிரம் கட்டி, பதினஞ்சாயிரத்துக்கு டிங்கரிங் பண்ணி, வண்டியை வித்தா அந்தக் காசு வருமா?” என்கிறார். வராதுதான். அங்கீகரிக்கப்பட்ட கழிவு மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கினால், அடுத்த கார் வாங்கும்போது சாலை வரியில் 25% வரை சலுகை தர மத்திய அரசின் விதி இடம் கொடுக்கிறது. அதையும் மாமா சொல்லிக்காட்டினார்.

ஆனால், அம்மாவின் மூட்டுவலியை அந்தக் கணக்கில் எந்த வரிசையில் எழுதுவது? தாழ்வான காரில் அவரால் உட்கார்ந்து எழ முடியவில்லை. ஆம்னியில் அகலமான கதவு, நிமிர்ந்த சீட். கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்துவிடுகிறார். வாங்கிய பொருளை மடியில் வைக்க வேண்டாம், பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் சிதம்பரம் தேரோடும் வீதிகளில் வண்டி நுழைய முடியாதபோது, சந்துகளில் திருப்பி அக்கா வீட்டு வாசல் வரை கொண்டுவிட இந்த வண்டியால் முடிகிறது. அப்பா இப்போது ஓட்டுவதில்லை. காலையில் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போய் அதன் முன்சீட்டில் உட்கார்ந்து படிக்கிறார்.

பத்தாயிரத்தைவிட எங்களுக்குப் பயம் இன்னொன்றில். எஃப்.சி.யில் சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். உப்புக்காற்று ஊரில் அந்த எண்கள் பொறித்த தகரமே துருப்பிடித்திருந்தால் சிக்கல். போன வாரம் மண்ணெண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தோம். கடைசி இரண்டு எண்கள் மட்டும் மங்கல். மற்றதெல்லாம் தெளிவு. பதிவு முடிவதற்கு 60 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால் ஜூனில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகிறோம். அதற்குள் தரைக்கு வெல்டிங், இடப்பக்கக் கதவுக்கு ரோலர், கார்பரேட்டர் டியூனிங் செய்து புகைச் சான்றிதழ். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் 1,000 சிசிக்குள் என்பதால் 2,094 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி.

கணக்கெல்லாம் போட்டுக் காட்டிய மாமா, பங்குனி கடைசியில் புதுப்பேட்டை போகிறாராம். ரோலரின் அளவைக் கேட்டு நேற்று அவரே போன் செய்தார்.