வாழை சிந்திய கண்ணீர்

கொற்கை முத்தின் ஒளியைப் போற்றியவர் பலர். அதைக் கடலடியினின்று கொணர்ந்தவனை நினைத்தவர் சிலரே. முதல் நூற்றாண்டைச் சார்ந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், தண்டனை பெற்ற கைதிகளே அங்கு முத்துக் குளித்தனர் என்று சொல்லிச் செல்கிறது. பின்னர் பொருநை கொணர்ந்த மண்ணால் கடல் விலகியது, துறைமுகம் சிற்றூராயிற்று. இன்று அவ்வாற்றுப் படுகையின் செல்வம் வாழை. அத்தாரைச் சுமப்பவர் யார்?

இவ்வினாவையே 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் தேதி வெளிவந்த 'வாழை' என்னும் திரைப்படம் எழுப்பிற்று. இதனை இயக்கிய மாரி செல்வராஜ், இத்தூத்துக்குடி ஜில்லாவின் புளியங்குளத்தில் பிறந்தவர். தம் பால்யத்தையே கதையாக்கினார். சிவனணைந்தான், சேகர் என்னும் இரு சிறுவர். ஒருவன் ரஜினி பக்கம், மற்றவன் கமல் பக்கம். பள்ளி விடுமுறையில் விளையாட வேண்டிய தோழர்கள், குடும்பக் கடனுக்காகத் தார் சுமக்கிறார்கள். ஒருநாள் சிவனணைந்தான் வேலைக்குச் செல்லாது நின்றுவிடுகிறான். சென்ற தமக்கையும் தோழனும் உயிருடன் திரும்பவில்லை. 1999-இல் பேட்மாநகரத்தருகே நிகழ்ந்த லாரி விபத்தே இதற்கு ஆதாரம்.

படத்தைக் கண்டோர் உருகினர். சிறுவரின் நடிப்பை ஒருமுகமாகப் பாராட்டினர். குறை கண்டோரும் உளர். ஆசிரியையிடம் சிறுவன் கொண்ட பிரியம் அளவுக்கு மீறி நீள்கிறதென்றனர் சிலர். இறுதியில் துயரம் வலிந்து ஊட்டப்படுகிறதென்றனர் வேறு சிலர். எழுத்தாளர் சோ. தர்மன், தமது 'வாழையடி' சிறுகதையில் இவ்வாழ்வை முன்னரே எழுதியதாகக் கூறினார். இயக்குநரோ அக்கதையையும் வாசிக்குமாறு யாவரையும் வேண்டினார். ஒரே துயரம் இருவர் எழுத்தில் வெளிப்படின், அத்துயரம் எத்துணைப் பரவியது என்பதற்கன்றோ அது சாட்சி!

விமர்சகர்களின் வாதங்களை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும் மிகைத் துயரம் என்னும் குறையை ஏற்க நமக்கு மனமில்லை. பசியால் ஒரு பழம் பறித்த பிள்ளை அடிபடுகிறான். பிணங்கள் கிடக்கும் வீட்டிலும் அவன் வயிறு சோறு கேட்கிறது. இதில் மிகை எங்கே? ஆட்களும் தார்களும் ஒரே லாரியில் ஏற்றப்பட்டது விதியின் செயலன்று. செலவைச் சுருக்கும் கணக்கின் செயல். சேகரைக் கொன்றது அக்கணக்கே. தோழமையின் பிரிவுக்கு அழுதுவிட்டு அக்கணக்கை மறந்தோமாயின், நாம் பாதிக் கதையையே பார்த்தவராவோம்.

குழந்தைத் தொழிலைத் தடுக்கும் சட்டம் 1986-இலேயே பிறந்தது. 2016-இல் திருத்தி இறுக்கப்பட்டது. சரக்கு வண்டியில் ஆளேற்றுவதும் சட்டவிரோதமே. எனினும் சரக்கின் மேல் அமர்ந்து செல்லும் கூலியாட்களை நம் சாலைகளில் காணாதார் யார்? அரங்கில் துடைத்த கண்ணுக்குச் சாலையிலும் பார்வை வேண்டும். அடுத்த முறை அத்தகைய வண்டி எதிர்ப்படுங்கால், அதன் உச்சியில் ஒரு சேகர் அமர்ந்திருக்கிறானா என்று நிமிர்ந்து பார்ப்போமாக. பார்த்தபின் வாளா இராதிருப்போமாக!