பாவும் ஊடையும்: கிராம முன்னேற்றத்தில் அரசும் அயல்நாட்டு உதவியும்

பாவு இல்லாத தறியில் ஊடை ஓடாது என்பதை நம் சங்கத்து நெசவாளர்களுக்கு எடுத்துக்கூற வேண்டுவதில்லை. நாடாவை எத்துணை விரைவாக எறிந்தாலும், குறுக்கே செல்லும் நூலைத் தாங்குவதற்கு நெடுக்கே இழைகள் இழுத்துக் கட்டப்பட்டிருந்தால்தான் ஜமக்காளம் உருவாகும். கிராம முன்னேற்றத்திற்காக அரசாங்கமும் சர்வதேச ஸ்தாபனங்களும் கூடி அளிக்கும் உதவியும் இத்தகையதே. உதவி ஊடை, மக்களின் சொந்த அமைப்பே பாவு. அந்தியூர் வட்டாரத்து அங்கத்தினர்கள் இவ்வுண்மையை நடந்த வரலாற்றைக் கொண்டு அறிந்துகொள்வது நலம் எனக் கருதி இதனை வரைகின்றோம்.

இந்திய அரசாங்கமும் அமெரிக்க அரசாங்கமும் தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தம் ஒன்றில் 1952 ஜனவரி 5-ஆம் தேதி கையெழுத்திட்டன. அவ்வாண்டு காந்தியடிகள் பிறந்த நாளாகிய அக்டோபர் 2-ஆம் தேதி, நாடெங்கும் 55 பகுதிகளில் சமூக அபிவிருத்தித் திட்டம் தொடங்கிற்று. ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ 300 கிராமங்களையும் 2 லட்சம் மக்களையும் கொண்டதாக வகுக்கப்பட்டது. கிராம சேவகர்களுக்குப் பயிற்சியளிக்கும் நிலையங்களுக்கு ஃபோர்டு ஸ்தாபனம் பொருளுதவி செய்தது. அக்காலச் சென்னை ராஜ்யத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதிகளுள் நமக்குத் தெற்கே உள்ள கீழ்பவானிப் பாசனப் பகுதியும் ஒன்று. பவானிசாகர் அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. புதிதாக நீர் பெறப்போகும் நிலத்துக்குப் புதிய விதையும், உரமும், சாலையும், பள்ளியும் உடன் வரவேண்டும் என்பதே கருத்து.

நோக்கம் உயர்ந்தது, ஐயமில்லை. ஆயினும் ஐந்தாண்டுகள் சென்றபின், 1957-இல் பல்வந்தராய் மேத்தா தலைமையில் அமைந்த குழு இத்திட்டத்தை ஆராய்ந்து, மக்களின் சொந்த முயற்சியைத் தூண்டுவதில் அது வெற்றி பெறவில்லை என்று கண்டது. திட்டம் அதிகாரிகளுடையதாக இருந்ததேயன்றி ஊராருடையதாகவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் சபைகளிடம் பொறுப்பும் பணமும் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று அக்குழு சிபாரிசு செய்தது. 1958-ஆம் ஆண்டுச் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டத்தின் வழியே பஞ்சாயத்து யூனியன்கள் தோன்றியமை இதனோடு இணைத்துப் பார்க்கத்தக்கது. பணமும் நிபுணரும் இருந்தும், பாவு கட்டாமல் ஊடை ஓட்டியதன் விளைவு இது.

இதற்கு மாறான உதாரணம் பால் கூட்டுறவு இயக்கமாகும். ஐரோப்பாவில் தேவைக்கு மேல் குவிந்துகிடந்த பால் பவுடரையும் வெண்ணெய் எண்ணெயையும் ஐக்கிய நாடுகள் சபையைச் சார்ந்த உலக உணவுத் திட்டம் 1970 முதல் இந்தியாவுக்கு நன்கொடையாக அளித்தது. அவற்றை அப்படியே மலிவாக விற்றிருந்தால், நம் நாட்டு மாடு வளர்ப்போர் கறந்த பாலுக்கு விலையே இராது போயிருக்கும். வர்கீஸ் குரியன் தலைமையில் இயங்கிய தேசிய பால்வள வாரியம் வேறு வழியை மேற்கொண்டது. நன்கொடைப் பொருள்களிலிருந்து ஆக்கிய பாலைச் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் முறையான விலைக்கு விற்று, வந்த பணத்தைக் கூட்டுறவுச் சங்கங்களின் குளிரூட்டு நிலையங்களுக்கும், தீவனத் தொழிற்சாலைகளுக்கும், கால்நடை வைத்தியத்துக்கும் முதலாக்கிற்று. 1996-இல் அத்திட்டம் முடிவுற்றது, உதவி நின்றது, சங்கங்கள் நின்றுவிடவில்லை. ஏனெனில், 1946-இலேயே குஜராத்தின் கெய்ரா ஜில்லாவில் உழவர்கள் தாமாகவே கூடித் தம் பால் சங்கத்தை அமைத்து, வழிகாட்டி வைத்திருந்தனர்.

நம் மாநிலத்திலேயே மற்றோர் உதாரணமும் உண்டு. ஐக்கிய நாடுகள் சபையின் சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்தின் கடனுதவியோடு, தமிழக அரசின் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்களை அமைக்கத் தொடங்கிற்று. முதலில் சிறு சேமிப்பு. பின்னர் தமக்குள் கடன். அதன் பின்னரே வங்கிக் கடன் என்பது அக்குழுக்களின் முறை. வெளியுதவியின் தவணை முடியும் தறுவாயில், 1997-இல் மாநில அரசு தன் சொந்த நிதியில் மகளிர் திட்டத்தைத் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் விரிவாக்கியது. வாரந்தோறும் கூடிக் கணக்குப் பார்க்கும் பழக்கம் அப்பெண்களின் கைவசமாகியிருந்ததே இதற்கு ஆதாரம்.

ஆகவே, நம் சங்கத்தின் வாயிலுக்கு எந்தத் திட்டம் வந்தாலும், அதனை ஐயுற்று விரட்டவும் வேண்டாம். ஆர்வமிகுதியால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடவும் வேண்டாம். பொதுக்குழுவில் மூன்று கேள்விகளைக் கேட்போம். கணக்கும் தீர்மானிக்கும் உரிமையும் யார் கையில் இருக்கும்? இலவசமாகவோ மலிவாகவோ வரும் பொருள், நம் தறியில் நெய்யும் துணிக்கும் நம் வயலில் விளையும் மஞ்சளுக்கும் உள்ள விலையைக் கெடுக்குமா? தவணை முடிந்து அதிகாரிகள் சென்றபின், இயந்திரத்தைப் பழுதுபார்க்கவும் ஊழியருக்குச் சம்பளம் தரவும் பணம் எங்கிருந்து வரும்?

இம்மூன்றுக்கும் விடை கிடைக்குமாயின் உதவியை மகிழ்வுடன் ஏற்போம். அதுவரை நாம் செய்ய வேண்டியன எளியவை: பங்குத்தொகையை முறையாகச் செலுத்துதல், வாங்கிய கடனைத் தவணை தவறாது திருப்புதல், பொதுக்குழுவுக்குத் தவறாமல் வந்து வரவு செலவைப் படித்துக் கேள்வி கேட்டல். இவையே நாம் கட்ட வேண்டிய பாவு. இழைகள் அறுபடாமல் இறுக்கமாக இருக்குமாயின், ஊடை எந்தத் தேசத்து நூலாயினும், நெய்து முடியும் துணி நம்முடையதாகவே இருக்கும்.