பயத்துக்கு ஓர் உருவம்

பேய்ப்படம் எதுவும் பார்ப்பதில்லை என்று உறுதியாக இருந்தவள் நான். இடம்பெயர்ந்த நாட்களில் கண்டதற்கு மேல் இன்னும் என்ன பயம் வேண்டிக்கிடக்கிறது? ஆயினும் அண்மையில் மகள் வற்புறுத்தியதால் ஒரு பழைய ஜப்பானியப் படத்தை அவளுடன் இருந்து பார்த்தேன். 1954 நவம்பரில் வெளிவந்த 'கொட்சிலா' அது. ஐதரசன் குண்டுச் சோதனையால் கிளர்ந்தெழுந்த கடல் விலங்கொன்று டோக்கியோ நகரை எரிப்பதே கதை.

சிறுபிள்ளைகளின் படம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நகரம் எரியும்போது தெருவோரத்தில் ஒரு தாய் பிள்ளைகளை அணைத்தபடி, இன்னும் சற்று நேரத்தில் அப்பாவிடம் போய்விடுவோம் என்கிறாள். அவள் கணவனை இழந்தவள் என்பது அப்போதுதான் விளங்கியது. அதன்பின் அதை வெறும் படமாக என்னால் பார்க்க முடியவில்லை.

படம் வந்த காலத்தை அறிந்தால் காரணம் புரியும். 1945 இல் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அணுகுண்டால் அழிந்தன. போரின் பின் வந்த அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் அதுபற்றிய எழுத்துகளைத் தணிக்கை செய்தது. 1954 மார்ச் 1 இல் பிகினித் தீவில் அமெரிக்கா வெடிக்க வைத்த ஐதரசன் குண்டின் சாம்பல், ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின் மீது கொட்டியது. அதிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். ஒருவர் செப்டெம்பரில் இறந்தார். சந்தையில் மீன் வாங்கவே மக்கள் அஞ்சினர். படத்தின் தொடக்கத்திலும் கடலில் பேரொளி தோன்ற, ஒரு கப்பல் எரிகிறது.

கண்ணுக்குத் தெரியாத கதிர்வீச்சுக்குப் படம் எடுத்தவர்கள் ஓர் உருவம் கொடுத்தார்கள். பெண்களும் சும்மா இருக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் மீனே நஞ்சாகிவிட்டதே என்ற கவலையில், டோக்கியோவின் சுகினாமிப் பகுதிப் பெண்கள் ஐதரசன் குண்டுக்கு எதிராகக் கையொப்பம் திரட்டினர். 1955 ஆகஸ்ட் அளவில் நாடெங்கும் 3 கோடிக்கு மேற்பட்ட கையொப்பங்கள் சேர்ந்தன.

படம் முடிந்ததும் மகள், "அம்மா, ஏன் அழுறீங்கள்?" என்று கேட்டாள். தண்ணீர் எடுக்கப் போன என் தம்பி திரும்பிவராத அந்தப் பங்கர் இரவைப் பற்றி அன்றுதான் முதன்முதலாக அவளிடம் சொன்னேன்.

"மாமாவைப் பற்றி ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. ஆனால் அன்றிரவு வெகுநாளுக்குப் பின் நிம்மதியாக உறங்கினேன்.

சகோதரிகளே, உங்கள் மனதிலும் இப்படி ஒரு பயம் இருந்தால், நம்பிக்கையான ஒருவரிடமாவது மனம் திறந்து சொல்லுங்கள்.