பெரிய கூடத்துக்கு எத்தனை வாட்?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் புதிதாக எழும் பல வீடுகளில் முன்கூடம் விசாலமானது. தரை முழுதும் டைல்ஸ், மேலே கான்கிரீட். அதற்கு ஹோம் தியேட்டர் வாங்கக் கடன் கேட்டு வருவோர் முதலில் சொல்வது வாட் கணக்கைத்தான்.

வாட் இருமடங்கானாலும் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும்; காதுக்கு அது சிறு வேறுபாடே. பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. எண்ணை விடுத்து, ஆர்.எம்.எஸ். அளவைக் கேளுங்கள். இத்தகைய கூடங்களில் உண்மையான இடர் எதிரொலி. டைல்ஸும் வெறுஞ்சுவரும் ஒலியைத் திருப்பியனுப்புவதால் வசனம் தெளிவிழக்கும். ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் உடன் கூடும். தமிழும் மலையாளமும் மாறிமாறிப் படம் பார்க்கும் வீட்டில் வசனம் புரிவதல்லவா முதன்மை? கூடத்தின் நடுவே நின்று கைதட்டிப் பாருங்கள். ஓசை நீண்டு ஒலித்தால், முதற்செலவு கனத்த திரைச்சீலைக்கும் விரிப்புக்குமே.

5.1 அமைப்பில் வசனம் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கியிலிருந்தே வரும். அதன் தரத்தில் சிக்கனம் வேண்டா.

‘வட்டியில்லாத் தவணை’ என்னும் விளம்பரத்தையும் ஆராய வேண்டும். பூச்சிய வட்டி என்று ஒன்று இல்லை என்றும், கடன் அட்டைத் தவணைகளில் வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணமாக மறைந்து வருகிறது என்றும் ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விடுத்தது. ரொக்க விலையைக் கடையில் கேட்டு, தவணைகளின் மொத்தத் தொகையோடு கட்டணத்தையும் சேர்த்து அதனருகே எழுதிப் பாருங்கள்.